பஞ்சாங்கத்தில் மழை பார்க்கலாமா? குரோதி வருஷம் முழுக்க வைத்துப் பார்த்த கடைமடைக்காரன் எழுதுவது

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் பஞ்சாங்கத்தைக் கிண்டல் செய்ய வந்தவன் இல்லை. எங்கள் வீட்டுத் திண்ணைத் தூணில் பஞ்சாங்கம் தொங்காத வருஷம் எனக்கு நினைவில்லை. தாத்தா பார்ப்பார், அவருக்குப் பிறகு அப்பா பார்த்தார், இப்போது தொண்ணூறை நெருங்குகிற அப்பாயிக்குக் கண் சரியாகத் தெரியாததால் நான்தான் படித்துச் சொல்ல வேண்டும். இந்தக் குரோதி வருஷப் பஞ்சாங்கம் 2024 சித்திரைக்கு மன்னார்குடிக் கடைத்தெருவில் வாங்கியது. நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்துக் கொஞ்சம் சில்லறை திரும்ப வாங்கினேன். எந்தப் பெயர் போட்ட பஞ்சாங்கம் என்று கேட்காதீர்கள், மழை விஷயத்தில் எல்லாவற்றிலும் சரக்கு ஏறக்குறைய ஒன்றுதான், அட்டைதான் வேறு.

நாங்கள் இருப்பது திருத்துறைப்பூண்டிப் பக்கம், காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து எட்டிப் பார்க்கிற இடம். ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர், அத்தனையும் களி. ஒரு போகம் சம்பா, அதன் தாளில் உளுந்து, அவ்வளவுதான் வருஷம். மேலே இருப்பவர்களுக்கு மழை பிந்தினால் ஆறு இருக்கிறது, மழை கூடினால் வடிகால் இருக்கிறது. எங்களுக்கு இரண்டுமே பாதிதான். அதனால் மழையைப் பற்றி யார் என்ன சொன்னாலும் காதில் வாங்கிக்கொள்கிற பழக்கம் இங்கே எல்லோருக்கும் உண்டு, பஞ்சாங்கம், அப்பாயி, ரேடியோ, செல்போன் என்று எதையும் விடுவதில்லை. இந்தத் தடவை ஒரு நோட்டுப் போட்டேன். இடது பக்கம் பஞ்சாங்கம் சொன்னது, வலது பக்கம் நிஜமாகப் பெய்தது, நடுவில் அப்பாயி சொன்னது. அளக்க வேண்டுமே என்று ஆன்லைனில் ஒரு பிளாஸ்டிக் மழைமானியும் வாங்கினேன். அந்தக் கதை பின்னால் வருகிறது, அது தனியாகத் திட்டப்பட வேண்டிய பொருள்.

பஞ்சாங்கத்தில் மழை பற்றி என்னதான் இருக்கிறது என்று தெரியாதவர்களுக்கு: முன்பக்கத்தில் வருஷத்துக்கான வெண்பா, இடைக்காடர் பாடியது என்பார்கள். அறுபது வருஷத்துக்கு அறுபது வெண்பா, சுற்றிச் சுற்றி வரும். அதற்குக் கீழே இந்த வருஷத்து ராஜா யார், மந்திரி யார், மேகாதிபதி யார் என்று ஒரு மந்திரிசபைப் பட்டியல். பிறகு மழை எத்தனை மரக்கால், அதில் கடலுக்கு எவ்வளவு பங்கு, மலைக்கு எவ்வளவு, பூமிக்கு எவ்வளவு என்ற கணக்கு. மார்கழிப் பக்கத்தில் கர்ப்போட்டம், அதாவது வானம் அடுத்த மழைக்குக் கருக்கொள்வதாகச் சொல்கிற நாட்கள், ஆரம்பம், முடிவு. மழைக்கு இவ்வளவுதான். மற்ற பக்கமெல்லாம் திதி, நட்சத்திரம், ராகு காலம், கல்யாண நாள்.

வெண்பாவிலிருந்தே ஆரம்பிக்கலாம். குரோதிக்குரிய பாட்டு, கள்ளர் பயம் மிகும், மழை அற்பம், விளைச்சல் சொற்பம் என்று சொல்கிறது. படித்துக் காட்டியதும் அப்பாயி முகம் வாடிவிட்டது. நடந்தது என்ன? 2024 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 33 சதவீதம் கூடுதல். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய அரை மீட்டர் மழை கொட்டியது. அற்பமாம்! சரி, ஒரு தடவை தப்பலாம் என்று முந்தைய குரோதியைப் பார்த்தேன். அறுபது வருஷத்துக்கு முன்னால், 1964 ஏப்ரல் முதல் 1965 ஏப்ரல் வரை. தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயல் 1964 டிசம்பர் 22, 23இல் வந்தது. அதே குரோதி, அதே வெண்பா. இதைப் பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் அசரவில்லை. "பாத்தியா, ரெண்டு குரோதியிலும் புயல். வருஷத்துக்குக் குணம் உண்டுடா" என்றார். ஆக, பாட்டு சொன்னது நடக்காவிட்டாலும் பாட்டு ஜெயித்துவிடுகிறது. இந்த ஆட்டத்தில் நான் இல்லை.

மேகாதிபதி சமாச்சாரம் இன்னும் வேடிக்கை. ஆனி மாதத்தில் சூரியன் திருவாதிரை நட்சத்திரத்துக்குள் நுழைகிற நாள் என்ன கிழமையோ, அந்தக் கிழமைக்குரிய கிரகம்தான் மேகங்களுக்கு அதிபதி. செவ்வாய்க்கிழமை நுழைந்தால் ஒரு பலன், வெள்ளிக்கிழமை நுழைந்தால் வேறு பலன். கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் அன்று ஒரே கிழமைதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் பெய்த அதே நாளில் சேலத்தில் துணி காயப்போட்டிருப்பார்கள். மரக்கால் கணக்கிலும் இதே கோளாறு. பூமிக்கு இத்தனை பங்கு என்றால் அந்தப் பூமியில் என் ஒன்பது மா எங்கே இருக்கிறது? நோட்டில் இடது பக்கம் பெரும்பாலும் காலியாகவே போனதற்கு இதுதான் காரணம். தேதியும் ஊரும் இல்லாமல் சொன்னதை எந்த நாளுக்கு நேராக எழுதுவது?

அப்பாயி சொன்னவை வேறு ரகம். அவற்றில் தேதி இல்லாவிட்டாலும் மண் இருக்கிறது. சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்பார். கோடை மழை ஒன்று விழுந்ததும் உழுது மண்ணைப் புழுதியாக்கிப் போட்டால் களை காயும், ஈரம் உள்ளே நிற்கும். இதில் வானத்தை ஜோசியம் பார்க்கிற வேலையே கிடையாது, மழை விழுந்தால் என்ன செய் என்பதுதான் பேச்சு. எங்கள் களிமண்ணில் அந்த ஒரு உழவு மழையைத் தவறவிட்டால் பிறகு கட்டி உடைக்க டிராக்டர்காரருக்கு இரட்டை வாடகை. 2024இல் சித்திரை முழுக்கக் காய்ந்து வைகாசியில்தான் விழுந்தது, ஆனாலும் உழுதோம், பழுதில்லை.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எங்கள் கொட்டகைத் தகரம் பறந்தது, அம்மி அங்கேயே இருந்தது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பதுதான் நாட்டிலேயே பிரபலமான விவசாயப் பழமொழி, காலண்டர், பள்ளிப் புத்தகம், உரக்கடை போஸ்டர் எங்கும் இதுதான். ஆனால் எங்கள் ஊரில் ஆடியில் நெல் விதைத்தவனை நான் அதிகம் பார்த்ததில்லை. மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12 திறந்தாலே தண்ணீர் எங்களை எட்டும்போது ஆடி நெருங்கிவிடும். 2024இல் அணையில் இருப்பு இல்லாமல் ஜூலை 28தான் திறந்தார்கள், அதுவே ஆடி 12. ஆடிப்பெருக்கன்று முளைப்பாரியைக் கரைக்க வாய்க்காலில் முழங்கால் தண்ணீராவது வருமா என்பதே அன்றைய கவலை. ஆடிப்பட்டம் மானாவாரிக்காரர்களின் சொல். கம்பு, சோளம், அவரை, நிலக்கடலை போடுகிற செம்மண்ணுக்குத் தென்மேற்கு மழையின் மிச்சமும் பின்னால் வருகிற வடகிழக்கும் சேர்ந்து பயிரைத் தூக்கிவிடும் என்கிற கணக்கு அதில் இருக்கிறது. அருமையான கணக்கு, ஆனால் கடைமடைச் சம்பாவுக்குப் பொருந்தாது. நாங்கள் ஆவணி முதல் வாரத்தில் புழுதியில் தெளித்தோம், சி.ஆர். 1009, 155 நாள் பயிர். வெள்ளம் தாங்குகிற சப்-1 ரகத்தைத் தேடிப் பிடித்தது அப்பாயி சொல்லி இல்லை, போன தடவை பட்ட அடி.

புழுதியில் தெளித்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற மாதம் புரட்டாசி. "புரட்டாசியில பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்" என்று அப்பாயி சொன்னபோது, இதுவும் வெண்பா மாதிரி இரண்டு பக்கமும் தாயம் போடுகிற பேச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். காய்ந்தாலும் சரி, பெய்தாலும் சரி. ஆனால் நோட்டைப் பார்த்தால் இரண்டும் ஒரே நாளில் நடந்திருக்கிறது. மத்தியானம் வரப்பில் கால் வைக்க முடியாது, நாலு மணிக்கு மேல் மேற்கே இருட்டிக்கொண்டு இடியோடு அரை மணி கொட்டும், இரவு நட்சத்திரம் தெரியும். தென்மேற்குக் காற்று விடைபெற்றுக்கொண்டு வடகிழக்கு இன்னும் நிலைகொள்ளாத மாதத்தில் வெயிலே மழையைக் கிளப்பிவிடுகிறது. பழமொழி மாதத்தின் சுபாவத்தைச் சொல்லியிருக்கிறது, நான்தான் சண்டைக்குப் போயிருக்கிறேன். முழு மதிப்பெண்.

இனி மழைமானி. விலை மலிவு, மண்ணில் குத்தி வைக்கிற கூர்முனைக் குழாய், 100 மில்லிமீட்டர் வரை கோடு. வந்த அன்றே ஒன்று கவனித்தேன், கோடுகள் அச்சடித்த ஸ்டிக்கர் ஒரு பக்கம் கோணலாக ஒட்டியிருந்தது. சரி, விற்றவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினேன், பதில் வந்தது, பணம் வரவில்லை. ஐப்பசி வரை சமாளித்தது. கார்த்திகை 11, 12 தேதிகளில், ஃபெஞ்சலாக மாறுவதற்கு முன்னால் அந்தத் தாழ்வு மண்டலம் எங்கள் கரைக்கு நேராக நகராமல் உட்கார்ந்துகொண்டது நினைவிருக்கும். இரவு ஒன்பதுக்கு ஆரம்பித்த மழை விடிய விடிய ஒரே சீராகப் பெய்தது. கொட்டகைத் தகரத்தில் அந்தச் சத்தம் ஒரு கட்டத்தில் காதில் விழாமலே போய்விடும், நின்றால்தான் தெரியும். மூன்று மணிக்கு டார்ச் அடித்துப் பார்த்தால் மழைமானி வாய்வரை நிறைந்து வழிகிறது. அளக்க வேண்டிய ஒரே இரவில் அளவு தீர்ந்துவிட்டது. கடலோர மாவட்டத்தில் விற்கிற மழைமானிக்கு 100 மில்லிமீட்டர் போதும் என்று யார் முடிவு செய்தார்களோ. நல்லவேளை, சந்தேகப்பட்டு ஒரு பழைய 15 கிலோ எண்ணெய் டின்னை மேல்மூடியை முழுக்க வெட்டி எடுத்துவிட்டுக் களத்து நடுவில் வைத்திருந்தேன். மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமாக உள்ள எந்தப் பாத்திரமும் மழைமானிதான், உள்ளே நிற்கிற தண்ணீரின் உயரமே மழையின் அளவு. காலை எட்டரைக்கு ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், பன்னிரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஏக்கருக்கு நாற்பதாயிரம் லிட்டர் தண்ணீர். என் மூன்று ஏக்கரில் ஒரே இரவில் பதினான்கு லட்சம் லிட்டருக்கு மேல் இறங்கியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு காப்பி இறங்கவில்லை.

அப்பாயியின் மழைமானி கொல்லையில் கிடக்கிற பழைய உரல். "உரல் நெறஞ்சுதா?" என்பதுதான் விடிந்ததும் அவர் கேட்கிற முதல் கேள்வி. பாதி உரல் என்றால் ஈரம், முழு உரல் என்றால் ஏர் கட்டலாம், வழிந்தால் மடையைத் திற. டின்னோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன், குழி கீழே குறுகிப்போவதால் எங்கள் உரல் ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டருக்கே நிறைந்துவிடுகிறது. பக்கத்து வீட்டு உரலுக்கு வேறு அளவு வரும். ஆனால் அறுபது வருஷமாக ஒரே உரலைப் பார்க்கிறவருக்கு வேறு உரலின் அளவு எதற்கு?

அன்று காலை அவர் இன்னொன்றும் கேட்டார். "அமாவாசை எப்பன்னு பஞ்சாங்கத்தப் பாரு தம்பி." பார்த்தேன். கார்த்திகை 15, 16, அதாவது நவம்பர் 30, டிசம்பர் 1. "அப்ப வடியாது. கடல் எதுத்துக்கும்" என்றார். நூறு ரூபாய் கொடுத்து வாங்கிய புத்தகம் அந்த இடத்தில்தான் காசுக்கு வேலை செய்தது. எங்கள் வடிகால் எல்லாம் கடைசியில் கடலில் போய்த்தான் விழ வேண்டும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் ஏற்றம் பெரிதாக இருக்கும், கடல் தண்ணீர் முகத்துவாரத்தில் ஏறி நிற்கும்போது ஆற்றுத் தண்ணீர் இறங்காமல் பின்வாங்கி நிற்கும். வற்றத்தின்போது கிடைக்கிற சில மணி நேரத்தில்தான் வடியும். மழை வாரக் கடைசியில் குறைந்தபோதும் பயிர் மூழ்கியபடியே நின்றதற்கு மேலே இருந்து வந்த வெள்ளம் ஒரு காரணம், அமாவாசை இன்னொரு காரணம். அன்று காலையே இது தெரிந்ததால் தண்ணீரை வெட்டிவிட ஆள் தேடி அலையாமல், தெற்குப் பக்கத்து வரப்பை மட்டும் உயர்த்திவிட்டு, வடிகிற நேரம் பார்த்து மடையைத் திறந்து மூடினோம். ஒன்பது மாவில் இரண்டு மா அழுகியது, ஏழு பிழைத்தது. பக்கத்து வயல் மாமா செல்போனில் மழை நிகழ்தகவு 60 சதவீதம், 80 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருந்தார். அந்த ஆப்புக்கு எங்கள் ஊர் எங்கே என்று தெரியும், எங்கள் வடிகால் எங்கே போய் விழுகிறது என்று தெரியாது. அதனால் பஞ்சாங்கத்தை மழை பார்க்க வாங்காதீர்கள், மழை பெய்து முடிந்த பிறகு தண்ணீர் எப்போது வடியும் என்று பார்க்க வாங்குங்கள். இதை எந்தப் பஞ்சாங்கக்காரரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

கார்த்திகைக்குப் பின் மழையும் இல்லை, கர்ணனுக்குப் பின் கொடையும் இல்லை என்ற சொல்லை மட்டும் எங்கள் வீட்டில் யாரும் இப்போது சொல்வதில்லை. மேலே சொன்ன காயல்பட்டினம் மழை 2023 டிசம்பர் 17, 18இல் வந்தது, 17ஆம் தேதி மார்கழி 1. கார்த்திகை முடிந்த மறுநாளே கர்ணனை மிஞ்சிய கொடை. தனுஷ்கோடிப் புயலும் மார்கழிதான். 2021 ஜனவரியில் பொங்கலைச் சுற்றிப் பெய்த மழையில் டெல்டாவில் கதிர் வயலிலேயே முளைத்தது. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் மறுபடியும், ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் அறிவித்தார்களே, அது. இந்தப் பழமொழியை நம்பி மார்கழியில் வரப்பை வெட்டிவிட்டவன் கதி என்ன?

கர்ப்போட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நம்புகிறவர்கள் படித்தவர்களிலும் நிறைய. சூரியன் பூராடத்தில் இருக்கிற மார்கழிக் கடைசி இரண்டு வாரம், ஏறக்குறைய டிசம்பர் 28இலிருந்து ஜனவரி 11 வரை. அந்த நாட்களில் வானம் கருக்கொள்கிறது, மேகம் ஓடினால், மெல்லத் தூறினால் அடுத்த வருஷம் மழை நன்றாக இருக்கும், பலமாகப் பெய்துவிட்டால் கரு கலைந்துவிட்டது என்பார்கள். தாத்தா இந்த நாட்களில் வேப்பமரத்தடியில் கட்டிலைப் போட்டுக்கொண்டு மேகம் எந்தத் திசையில் போகிறது என்று குறித்துவைப்பார். அழகான வேலை, நானும் இந்த மார்கழியில் குறித்தேன், மூன்று நாள் தெற்கே ஓடியது, ஒரு நாள் ஒன்றுமே இல்லை, ஒரு நாள் பனிமூட்டத்தில் வானமே தெரியவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். வராகமிகிரர் பிருஹத்சம்ஹிதையில் மேகத்தின் கர்ப்பம் 195ஆம் நாள் பிரசவமாகும் என்கிறார். டிசம்பர் 29இலிருந்து எண்ணினால் ஜூலை 12 வரும். அவர் உஜ்ஜயினிப் பக்கத்துக்காரர், ஜூலையில் அங்கே மழைக்காலம், சரிதான். எங்கள் ஊரில் ஜூலை 12 என்றால் ஆனிக் கடைசி, ஆடு மேய்கிற வயலில் புழுதி பறக்கிற நேரம். வேண்டுமானால் அந்தத் தேதியில் குடகில் பெய்கிறது, கிருஷ்ணராஜசாகரம் நிறைகிறது, அது வழிந்து மேட்டூருக்கு வருகிறது, அந்த வழியாகக் கர்ப்போட்டம் எங்களுக்கும் பலிக்கிறது என்று பெரியப்பா வாதாடினார். இந்த ஒரு வாதத்துக்காக அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன்.

தைக்கு வருகிறேன். பஞ்சாங்கத்தோடு வீட்டுக்கு வந்த தினசரிக் காலண்டரில் தை மழை நெய் மழை என்று அச்சாகியிருந்தது. அந்தத் தாளைக் கிழித்த வாரத்தில்தான், தை 5, 6 வாக்கில், எங்கள் பக்கம் மழை பிடித்துக்கொண்டது. கதிர் முற்றிப் பால் இறுகித் தலை சாய்ந்து நிற்கிறது, இன்னும் மூன்று நாளில் அறுப்பு. மழை விட்ட காலை வயலுக்குப் போனால் பயிர் பாய் விரித்தது போலப் படுத்துக் கிடக்கிறது. ஒரு கதிரைக் கையில் எடுத்துப் பார்த்தேன், அடியில் தண்ணீர் பட்ட நெல்மணிகளில் வெள்ளையாக ஊசிமுனை அளவுக்கு முளை. டயர் வைத்த அறுப்பு வண்டி இறங்காது, பெல்ட் வண்டிக்குத்தான் சொல்ல வேண்டும், அதற்கு மணிக்கணக்கு வாடகை கூடுதல், எல்லோரும் ஒரே நாளில் கூப்பிடுவதால் முறை வர ஐந்து நாள். அறுத்த நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் கொள்முதலில் எடுக்க மாட்டார்கள், ரோட்டில் கொட்டிக் காயவைக்க வேண்டும், ரோட்டுக்கும் போட்டி. நெய் மழையாம். இதைச் சொன்னவர் கோவில்பட்டி, விருதுநகர்க் கரிசல்காரராகத்தான் இருக்க வேண்டும். அங்கே தையில் பருத்தியும் கொத்தமல்லியும் கொண்டைக்கடலையும் நிலத்தடி ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு நிற்கும், அந்த நேரம் ஒரு மழை விழுந்தால் அது நெய்தான், சந்தேகமில்லை. அவர்கள் சொல்லை எங்கள் சுவரில் ஆணியடித்து மாட்டினால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? காலண்டர் அச்சடிக்கிறவர்கள் மாவட்டத்துக்கு ஒரு பழமொழி போட்டால் குறைந்தா போய்விடுவார்கள்.

அப்பாயி இந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவருடைய தைச் சொல் வேறு. தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும். இது எங்கள் ஊருக்குச் சோறு போடுகிற சொல். அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவோம். அதற்குத் தண்ணீர் கட்டுவதில்லை, மழையும் வேண்டாம், மண்ணில் மிச்சமிருக்கிற ஈரமும் விடியற்காலைப் பனியும் போதும். மாசியில் காலை ஆறு மணிக்கு உளுந்துக்குள் நடந்தால் வேட்டி முழங்கால்வரை நனைந்துவிடும், அதுதான் பாசனம். இந்த வருஷம் தை மழையில் தெளித்த விதை பாதி அழுகியது, மீதி பனியில் தேறி ஏதோ கைக்கு வந்தது.

பூச்சி, பறவை, எறும்புச் சொற்கள் பற்றிக் கேட்பீர்கள். தட்டான் தாழப் பறந்தால் மழை, அந்தியில் ஈசல் பூத்தால் அடைமழை, எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனால் மழை. நோட்டில் பாதிக்கு மேல் சரியாக வந்தது, ஆனால் எல்லாமே அன்று சாயங்காலம், மறுநாள் என்கிற அளவுக்குத்தான். காற்றில் ஈரம் ஏறியதை நம்மைவிட அவை முன்னால் தெரிந்துகொள்கின்றன. நெல் காயப்போட்டிருந்தால் போர்த்த நேரம் கிடைக்கும், அதுவே பெரிய விஷயம். இதில் எனக்குப் பிடித்தது நிலாக் கோட்டை. "எட்டக் கோட்டை கிட்ட மழை, கிட்டக் கோட்டை எட்ட மழை" என்பார் அப்பாயி, நிலாவைச் சுற்றி வட்டம் பெரிதாக விலகி இருந்தால் மழை பக்கத்தில், ஒட்டி இருந்தால் தூரத்தில். கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். ஆனால் அந்தப் பெரிய வட்டம் மிக உயரத்தில் பரவுகிற மெல்லிய பனித்துகள் மேகத்தால் வருவது, தாழ்வு மண்டலம் நெருங்கும்போது அதன் முன்னோடியாக அந்த மேகம்தான் முதலில் பரவும். ஐப்பசியில் ஒரு இரவு பெரிய கோட்டை கட்டியிருந்தது, அப்பாயியைக் கைபிடித்து வாசலுக்குக் கூட்டிவந்தேன், அவருக்கு வட்டம் தெரியவில்லை. "எம்மாம் பெருசுன்னு கையால காட்டு" என்றார். இரண்டு கையையும் விரித்து, அவர் கையைப் பிடித்து அளவு காட்டினேன். "நாளான்னைக்கு" என்றார். மூன்றாம் நாள் பெய்தது.

செல்போனையும் விட்டுவிடக் கூடாது. செவ்வாய், வெள்ளி தோறும் மாவட்டவாரியாக வருகிற வேளாண் வானிலை அறிக்கை, மேகதூத் ஆப்பில் தமிழிலேயே இருக்கிறது, ஐந்து நாள் முன்னறிவிப்போடு மருந்து அடிக்கலாமா கூடாதா என்பதுவரை சொல்கிறது. ஐந்து நாள் என்கிற கட்டத்தில் பஞ்சாங்கமும் சரி, எறும்பும் சரி, அதனோடு போட்டி போட முடியாது. தை மழையை அது நான்கு நாள் முன்பே சொன்னது. நான்தான் பெல்ட் வண்டிக்கு அன்றே சொல்லி வைக்காமல் இருந்துவிட்டேன்.

குரோதிக்கு அடுத்த விசுவாவசு வருஷத்துப் பஞ்சாங்கமும் வாங்கியாகிவிட்டது. வாங்குகிறவர்களுக்குச் சில சில்லறை விஷயம்: பாக்கெட் சைஸ் வேண்டாம், எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். பெரிய சைஸிலும் அமாவாசை, பௌர்ணமி எந்த மணிக்கு ஆரம்பித்து எந்த மணிக்கு முடிகிறது என்று தெளிவாக இருக்கிறதா என்று கடையிலேயே புரட்டிப் பாருங்கள், நாழிகைக் கணக்கு மட்டும் போட்டிருந்தால் மணியாக மாற்றியே தலை சுற்றும். தைத்த நூல் பலமா என்று இழுத்துப் பாருங்கள், போன வருஷத்தது புரட்டாசியிலேயே நடுப்பக்கம் கழன்றுவிட்டது. தொங்கவிட ஓட்டை போட்டுக் கொடுக்கிறார்கள், கயிறு நாம்தான் வாங்க வேண்டும். பிளாஸ்டிக் மழைமானி வேண்டவே வேண்டாம், எண்ணெய் டின் போதும், வாரத்துக்கு ஒரு தடவை கவிழ்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கொசு.

புதுப் பஞ்சாங்கத்தின் முன்பக்கத்தைப் படிக்கச் சொன்னார் அப்பாயி. வெண்பாவைப் படித்தேன், மேகாதிபதியைப் படித்தேன், மரக்காலைப் படித்தேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தவர், "அதெல்லாம் சரி, கார்த்திகை அமாவாசை என்னக்கி வருது?" என்றார்.